சிவப்பும் பச்சையும்: ஒரு துறைமுகத்திலிருந்து பார்த்த கண்ணின் வரலாறு

எங்கட கூட்டத்தில் ஒருத்தன் கப்பல் வேலைக்குப் போக ஆசைப்பட்டவன். பெயர் போட வேண்டாம் எண்டு சொல்லிட்டான். அவனுடைய தகப்பன் கொட்டியாரக் குடாவில் தொழில் செய்தவர், அப்பப்பாவும் அப்படித்தான். எங்களுக்கெல்லாம் நீச்சல் பழக்கினவன் அவன். பாடநெறி முடித்தான், சான்றிதழ் எடுத்தான், கடைசியாக மிஞ்சியிருந்தது மருத்துவப் பரிசோதனை மட்டும்தான்.

அங்கே ஒரு சின்னப் புத்தகத்தை விரித்து வைத்தார்கள். பக்கம் முழுக்கப் பல நிறப் புள்ளிகள். "என்ன இலக்கம் தெரியுது?" முதல் பக்கத்தில் 12 என்றான். சரி. அடுத்த பக்கத்தில் 3 என்றான். மற்றவர்களுக்கு அதில் தெரிவது 8. இன்னொரு பக்கத்தில் 21 என்றான். மற்றவர்களுக்கு அது 74. அதற்குப் பிறகு வந்த சில பக்கங்களில் அவனுக்கு இலக்கமே இல்லை, வெறும் புள்ளிதான். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. "உமக்கு நிறக்குருடு, கடல் வேலைக்கு ஏலாது" என்று சொல்லி, தாளில் ஒரு சொல்லை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவு உட்துறைமுக வீதியில் தண்ணியைப் பார்த்துக் குந்தியிருந்தோம். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அப்ப நான் 22 வருசமா பச்சை எண்டு பார்த்தது என்ன?"

எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. தூரத்தில் மினுங்கின விளக்கைக் காட்டி, "அது என்ன கலர்?" என்று கேட்டோம். "வெள்ளை" என்றான். எங்களுக்கு அது பச்சை.

அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் வாசித்ததும் கதைத்ததும்தான் இந்தக் கட்டுரை. ஒரு புத்தகமும் இரண்டு விளக்குகளும் எப்படி ஒரு பெடியனின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற இடத்துக்கு வந்தன? அதன் வரலாறு எங்கட துறைமுகத்தையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

நிறம் எங்கே இருக்கிறது?

செவ்வரத்தம்பூ சிவப்பு. இதைச் சொல்ல ஒரு விஞ்ஞானி தேவையில்லை. ஆனால் அந்தச் சிவப்பு பூவில் இருக்கிறதா, வெளிச்சத்தில் இருக்கிறதா, கண்ணில் இருக்கிறதா?

1704இல் வெளிவந்த 'ஒளியியல்' நூலில் நியூட்டன் இதற்குப் பதில் சொன்னார். ஒளிக்கதிருக்கு நிறம் கிடையாது. குறிப்பிட்ட ஒரு நிற உணர்ச்சியை எங்களுக்குள் எழுப்பும் தன்மை மட்டுமே அதற்கு உண்டு. நூறு வருடத்துக்குப் பிறகு, 1802இல், லண்டன் வைத்தியர் தோமஸ் யங் அடுத்த படிக்குப் போனார். விழித்திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி வாங்கி இருக்க ஏலாது, இடம் போதாது. மூன்று வகை இருந்தால் போதும், மிச்ச நிறம் எல்லாம் அந்த மூன்றின் கலப்பு என்று ஊகித்தார். பிறகு ஹெல்ம்ஹோல்ட்சும் மாக்ஸ்வெல்லும் அதை வளர்த்தார்கள். ஊகம் சரி என்று பின்னாளில் உறுதியானது.

இன்று எங்களுக்குத் தெரிந்தது இதுதான். விழித்திரையில் இரண்டு வகைக் கலங்கள் ஒளியை வாங்குகின்றன: கோல்கள், கூம்புகள். ஒரு கண்ணில் கோல்கள் ஏறத்தாழ 12 கோடி, கூம்புகள் 60 இலட்சம். நிறம் பார்ப்பது கூம்புகளின் வேலை. அவற்றில் மூன்று வகை. ஒன்று குறுகிய அலைநீளத்துக்கு, அதாவது நீலப் பக்கத்துக்கு, நன்றாகத் தூண்டப்படும். இன்னொன்று நடு அலைநீளத்துக்கு, பச்சைப் பக்கம். மூன்றாவது நீண்ட அலைநீளத்துக்கு. மூளை இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து "இது இந்த நிறம்" என்று தீர்ப்புச் சொல்கிறது. தனியாக ஒரு கூம்புக்கு நிறம் தெரியாது. ஒப்பீட்டில்தான் நிறம் பிறக்கிறது.

நம்ப ஏலாவிட்டால் கையில் இருக்கிற போனைப் பாருங்கள். அந்தத் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகைப் புள்ளிகள்தான் இருக்கின்றன. மஞ்சள் ஒளி அதிலிருந்து வருவதே இல்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிய, நீங்கள் மஞ்சளைப் பார்க்கிறீர்கள். அந்த மஞ்சள் உங்களுக்குள்தான் உருவாகிறது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். நடு அலைக் கூம்பும் நீண்ட அலைக் கூம்பும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டும் தூண்டப்படும் அலைநீளங்களுக்கிடையில் பெரிய தூரம் இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரிக்கிற வேலை முழுக்க அந்தச் சின்ன வித்தியாசத்தில் தொங்குகிறது. இரண்டில் ஒன்று இல்லாமல் போனால், அல்லது ஒன்று மற்றதைப் போலவே மாறிவிட்டால், பிரிக்க ஏலாது. எங்கட நண்பனின் கண்ணில் நடந்தது அதுதான். அவனுக்கு நிறமே தெரியாது என்றில்லை. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பும் பச்சையும் மண்ணிறமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும். இதற்கு 'நிறக்குருடு' என்ற சொல் எவ்வளவு பிழையானது என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெரேனியம் பூவும் ஒரு சோடிக் கண்ணும்

தன்னுடைய கண் மற்றவர்களின் கண்ணைப் போல இல்லை என்று விஞ்ஞானக் கட்டுரை எழுதிய முதல் ஆட்களில் ஒருவர் ஜோன் டால்டன். அணுக் கொள்கையால் எங்கட பாடப்புத்தகத்தில் வருகிறாரே, அதே டால்டன்தான். 1792இல் ஒரு ஜெரேனியம் பூவை மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்தார். பகலில் வான நீலமாகத் தெரிந்த பூ இப்போது சிவப்பாகத் தெரிந்தது. நண்பர்களைக் கேட்டால், பூ மாறவில்லையே என்றார்கள். அவருடைய சகோதரனுக்கு மட்டும் அவரைப் போலவே தெரிந்தது. 1794இல் மான்செஸ்டரில் ஒரு சங்கத்தில் இதைக் கட்டுரையாக வாசித்தார்.

தன் கண்ணுக்குள் இருக்கிற திரவம் நீல நிறமாக இருக்க வேண்டும், அது சிவப்பை உறிஞ்சிவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். "நான் செத்த பிறகு வெட்டிப் பாருங்கள்" என்று சொல்லி வைத்தார். 1844இல் அவர் இறந்ததும் வெட்டிப் பார்த்தார்கள். திரவம் பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது. விளக்கம் பிழை. ஆனால் கண்ணை எறியவில்லை, பாதுகாத்து வைத்தார்கள். 150 வருடம் கழித்து, 1995இல், அந்தக் கண்ணிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து, நடு அலைக் கூம்புக்குரிய நிறப்பொருள் அவருக்கு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். தன் கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டு பொறுத்துத்தான் மனுசனுக்குப் பதில் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது வருடம். சிலருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும் என்பது 1794இலேயே அச்சில் வரக்கூடிய அறிவாக இருந்தது.

1848: இரண்டு விளக்குகள்

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்த பிரித்தானியர், 1957 வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தார்கள். உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பெயர் எடுத்த இடம் இது. ஆகவே லண்டனில் கடற்படைத் தலைமையகம் எழுதும் விதி இங்கே தண்ணியில் நடைமுறைக்கு வரும்.

நீராவிக் கப்பல் வந்த பிறகு கடலில் ஒரு புதுப் பிரச்சினை தொடங்கியது. பாய்க்கப்பல் எந்தப் பக்கம் போகும் என்பதைக் காற்றை வைத்து ஊகிக்கலாம். நீராவிக் கப்பல் நினைத்த பக்கம் போகும், அதுவும் வேகமாக. இரவில் எதிரே வருவது எந்தத் திசையில் போகிறது என்று எப்படித் தெரியும்? 1848இல் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் விதி போட்டது. நீராவிக் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு, பாய்மரத்தில் வெள்ளை விளக்கு. 1858இல் பாய்க்கப்பல்களுக்கும் பக்க விளக்கு விதி வந்தது. இன்றைக்கும், 1972இன் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளிலும், அடிப்படை அதேதான்.

விதி அழகானது. இரவில் உங்கள் வலப்பக்கமிருந்து ஒரு கப்பல் குறுக்கே வருகிறது என்றால், உங்களுக்குத் தெரிவது அதன் இடப்பக்கச் சிவப்பு. நீங்கள் வழிவிட வேண்டும். அதே நேரம் அந்தக் கப்பலுக்குத் தெரிவது உங்கள் பச்சை. அது தன் பாட்டில் போகலாம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேரே உங்களை நோக்கித்தான் வருகிறது. பின்பக்கத்துக்கு வெள்ளை. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கப்பல்கள் முடிவெடுக்கின்றன. எங்கட கடலில் சீமெந்துக் கப்பலும் கோதுமைக் கப்பலும் இன்றும் இப்படித்தான் ஒன்றையொன்று கடக்கின்றன.

ஆனால் தெரிவு செய்த சோடி எது என்று பாருங்கள். மனிதக் கண்கள் அதிகமாகக் குழம்புகிற அதே சோடி! வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் இந்தக் குழப்பத்தோடு பிறக்கிறார். பெண்களில் 200க்கு ஒருவர். ஆசியாவில் இந்த வீதம் குறைவு, ஆனால் இங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. எடின்பரோவில் ஜோர்ஜ் வில்சன் என்பவர் 1855இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ரயிலிலும் கப்பலிலும் நிற விளக்குகளை நம்பியிருப்பது ஆபத்து என்று அதில் எச்சரித்தார். விளக்கை மாற்றுவதா, ஆட்களை வடிகட்டுவதா என்று பார்த்தபோது உலகம் ஆட்களை வடிகட்டுவதைத் தெரிவு செய்தது.

கம்பளி நூல் தொடக்கம் புள்ளிப் புத்தகம் வரை

1875 நவம்பரில் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி 9 பேர் இறந்தார்கள். உப்சாலா பல்கலைக்கழகத்தின் உடற்றொழிலியல் பேராசிரியர் ஹோல்ம்கிரேன், சாரதியோ ஊழியரோ சமிக்ஞையின் நிறத்தைப் பிழையாகப் பார்த்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். ஒரு ரயில் பாதையில் வேலை செய்த 266 பேரைச் சோதித்தார். 13 பேருக்கு நிறக் குழப்பம் இருந்தது. அதற்குப் பிறகு சோதனை நாடு நாடாகப் பரவியது. அந்த விபத்துக்கு உண்மையான காரணம் நிறப் பார்வைதானா என்று பிற்கால ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அது வேறு கதை.

ஹோல்ம்கிரேனின் சோதனை கெட்டித்தனமானது. பல நிறக் கம்பளி நூல் கட்டுகளைக் குவித்து வைத்து, ஒரு இளம்பச்சைக் கட்டை எடுத்துக் காட்டி, "இதைப் போல இருக்கிறதெல்லாம் எடு" என்பார். நிறத்தின் பெயரைக் கேட்கவே மாட்டார். ஏனென்றால் பெயரைப் பழகலாம். எங்கட நண்பன் 22 வருடமாக இலை பச்சை, செவ்வரத்தை சிவப்பு என்று சரியாகச் சொல்லி வந்தவன். பொருளைத் தெரிந்தால் பெயர் தானாக வரும். அதனால்தான் அவனுக்கே தெரியாமல் இருந்தது. 1892இல் லண்டன் ராயல் சொசைட்டியின் குழு ஒன்று இந்த விடயத்தில் அறிக்கை கொடுக்க, பிரித்தானியக் கப்பல் அதிகாரிகளுக்குக் கம்பளிச் சோதனை வந்தது. பின்னர் விளக்குச் சோதனை.

புள்ளிப் புத்தகம் ஜப்பானிலிருந்து வந்தது. இராணுவ மருத்துவராக இருந்த ஷினோபு இஷிஹாரா, படைக்குச் சேர்க்கும் ஆட்களைச் சோதிக்க இதை வரைந்தார். 1917இல் எண்களோடு வெளியான பதிப்பு உலகம் முழுக்கப் போனது. புள்ளிகளின் வெளிச்ச அளவு வேண்டுமென்றே கலைக்கப்பட்டிருக்கும். அதனால் கறுப்பு வெள்ளை வித்தியாசத்தை வைத்து இலக்கத்தைப் பிடிக்க ஏலாது, நிறத்தை வைத்து மட்டும்தான் பிடிக்கலாம். முதல் பக்கத்து 12 எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்பட்டது. சோதனை என்னவென்று விளங்கப்படுத்தவும், பொய் சொல்கிறவரைப் பிடிக்கவும் அது உதவும். எங்கட பெடியன் விழுந்த புத்தகம் இதுதான்.

மைமலில் எல்லோரும் ஒன்றுதான்

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் கர்வப்பட்டிருந்தோம். எங்கட கண் சரியான கண், அவனுடையது குறைக் கண் என்று. அந்தக் கர்வத்தை உடைத்தது மைமல் பொழுது.

ஒரு நாள் பின்னேரம் வேலி ஓரம் நின்று பாருங்கள். பகலில் செவ்வரத்தம்பூ கண்ணைப் பறிக்கும், இலை அடங்கி நிற்கும். பொழுது பட்டு மைமலாகும்போது இரண்டும் இடம் மாறும். பூ கறுத்துப் போகும், இலை வெளிச்சமாகத் தெரியும். செக் நாட்டு உடற்றொழிலியலாளர் புர்க்கின்யே 1825இல் இதை எழுதினார். வெளிச்சம் குறையும்போது கூம்புகள் ஓய்கின்றன, கோல்கள் வேலைக்கு வருகின்றன. கூம்புகள் சேர்ந்து அதிகம் உணர்வது மஞ்சள் கலந்த பச்சையை. கோல்கள் அதிகம் உணர்வது நீலம் கலந்த பச்சையை. ஆழ்ந்த சிவப்பு கோல்களுக்கு அநேகமாகத் தெரியாது. கோல்களில் ஒரே ஒரு வகைதான் இருக்கிறது என்பதால் ஒப்பிட ஆள் இல்லை. ஒப்பீடு இல்லாத இடத்தில் நிறமும் இல்லை.

எங்கட மாவட்டத்தில் நிலாவெளி என்று ஒரு ஊர் இருக்கிறதே, அந்தப் பெயரையே எடுங்கள். நிலா வெளிச்சத்தில் அந்தக் கடற்கரை எவ்வளவு அழகு! ஆனால் அங்கே கட்டியிருக்கிற சாரத்தின் நிறத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒருத்தராலும் ஏலாது. நிலவொளி என்பது சூரிய ஒளிதான், எல்லா அலைநீளமும் அதில் உண்டு. கூம்புகளுக்கு அது போதாது, அவ்வளவுதான். ஒவ்வொரு இரவும் நாங்கள் எல்லோரும் நிறம் தெரியாதவர்களாகித்தான் எழும்புகிறோம்.

இது தெரியாமல் பெரிய ஆட்களும் பிழை விட்டிருக்கிறார்கள். 1940இல் மவுண்ட்பேட்டன் தன் நாசகாரிக் கப்பல்களுக்கு ரோசாவும் ஊதாவும் கலந்த ஒரு சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னார். அப்படி நிறம் பூசிய ஒரு பயணிகள் கப்பல் அந்தி வெளிச்சத்தில் மறைந்து போனதைப் பார்த்ததால் வந்த யோசனை. 'மவுண்ட்பேட்டன் பிங்க்' என்று பெயர் வாங்கிய அந்த நிறத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. மைமல் முற்ற முற்ற, சிவப்புச் சேர்ந்த எதுவும் கண்ணுக்குக் கறுக்கும். வெளிறிய வானத்துக்கு முன்னால் கறுத்த கப்பல் நன்றாகவே தெரியும். சில வருடங்களில் அதைக் கைவிட்டார்கள். அதே மவுண்ட்பேட்டன்தான் 1944இல் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தளபதியாகப் பேராதனையில் வந்து இருந்தார். அந்த வருடம் பிரித்தானியக் கிழக்குக் கடற்படையும் திருகோணமலைக்குத் திரும்பி வந்தது.

கண்ணிலிருந்து தப்புவது இங்கே விளையாட்டாக இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய 'ஹெர்மிஸ்' விமானம்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் கண்டுபிடித்துத் தாழ்த்தினார்கள். 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீனக்குடாவில் எரிந்த எண்ணெய்த் தாங்கியின் எச்சத்தை இன்றும் பார்க்கலாம்.

சரி, இரவில் நிறமே தெரியாது என்றால் சிவப்பு, பச்சை விளக்கு எப்படித் தெரிகிறது? விளக்கின் ஒளி நேரே வருவதால் அந்தச் சின்னப் புள்ளி கூம்பைத் தூண்டப் போதுமான பலத்தோடு இருக்கும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மிகத் தூரத்துச் சிவப்பு விளக்கு கண்ணில் பட்ட உடனேயே சிவப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் அதைக் கோல்கள் பிடிக்காது. பச்சை அப்படி இல்லை. முதலில் கோல்கள் அதைப் பிடிக்கும், நிறமில்லாத ஒரு வெளிச்சமாகத் தெரியும். கிட்ட வந்த பிறகுதான் பச்சையாகும். அதாவது எங்கட நண்பன் சொன்ன "வெள்ளை", போதிய தூரத்தில் எங்களுக்கும் வெள்ளைதான். அவனுக்குக் கிட்ட வந்தாலும் மாறாது. எங்களுக்கு மாறும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த வித்தியாசத்தைச் சின்னது என்று சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை. கடலில் வெள்ளை விளக்கு என்றால் ஒரு கப்பலின் பின்பக்கமாக இருக்கலாம். பச்சையை வெள்ளையாகப் பார்த்தால், குறுக்கே போகிற கப்பலை விலகிப் போகிற கப்பல் என்று நினைக்கலாம். இரண்டு கப்பலிலும் ஆட்கள் இருக்கிறார்கள். விதி வெறும் அதிகாரத் திமிர் இல்லை. இதை அவனிடமே சொன்னோம். "எனக்குத் தெரியாதா?" என்றான்.

சொல்லுக்கும் கண்ணுக்கும் இடையில்

அவன் கண்ணை ஒரு புத்தகம் அளந்தது போல, ஒரு காலத்தில் முழுச் சமூகங்களின் கண்ணையும் அளந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான கிளாட்ஸ்டன் 1858இல் ஹோமரின் காவியங்களைப் பற்றி எழுதும்போது, அவற்றில் நீலத்துக்கு ஒழுங்கான சொல் இல்லை, ஆகவே பழைய கிரேக்கர்களின் நிற உணர்வு வளர்ந்திருக்கவில்லை என்று வாதிட்டார். 1898இல் டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், ஹோல்ம்கிரேனின் கம்பளியோடு போனார். அங்குள்ளவர்கள் நீலத்தையும் கறுப்பையும் ஒரே சொல்லால் குறிப்பதைப் பார்த்து, நீலத்தை உணர்வதிலேயே அவர்களுக்குக் குறை இருக்கலாம் என்று நினைத்தார். 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களையும் சோதித்தார். சொல் இல்லாததைக் கண் இல்லாததாக எடுத்துக்கொண்ட பிழை அது.

அதே அளவுகோலைத் தமிழுக்குப் பிடித்தால் என்ன வரும்? பச்சை மீன் என்கிறோம், மீன் பச்சை நிறமா? பச்சைத் தண்ணி, பச்சைப் பிள்ளை, பச்சைப் பொய்! எங்கட 'பச்சை' நிறத்தை மட்டும் சொல்கிற சொல் இல்லை. வேகாதது, புதுசு, கலப்பில்லாதது எல்லாம் அதற்குள் இருக்கு. திருமாலை ஒருவர் நீலமேனி என்பார், இன்னொருவர் பச்சைமேனி என்பார். அதை வைத்துத் தமிழனுக்கு நீலமும் பச்சையும் பிரிக்கத் தெரியாது என்று யாராவது எழுதினால் சிரிப்போம். எங்கட அம்மாமார் சாறிக்கடையில் கிளிப்பச்சை, இலைப்பச்சை, மயில்கழுத்து என்று பிரிக்கிற பிரிப்பைப் பார்த்தால் ரிவர்ஸ் கம்பளிக் கட்டையே கீழே வைத்திருப்பார்.

மொழியில் சொல் இருப்பது வேறு, கண்ணில் கூம்பு இருப்பது வேறு. எங்கட நண்பனுக்கு எல்லாச் சொல்லும் இருந்தது, ஒரு கூம்பு இல்லை. ரிவர்ஸ் பார்த்தவர்களுக்குக் கூம்பு இருந்தது, அவர் எதிர்பார்த்த சொல் இல்லை.

அம்மாவின் கேள்வி

விசயம் வீட்டுக்குத் தெரிந்த அன்று அவனுடைய அம்மா கேட்டாவாம்: "இது என்னால வந்ததோ மகன்?" யாரோ இணையத்தில் பார்த்துச் சொல்லிவிட்டிருக்கிறார்கள், இது தாய் வழியாக வரும் என்று.

நடு அலை, நீண்ட அலைக் கூம்புகளின் மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1986இல் ஜெரமி நேதன்சும் கூட்டாளிகளும் அவற்றை அடையாளம் கண்டார்கள். மகனுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், அது தாயிடமிருந்து வரும். தாய்க்கு இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும். அவவுக்குத் தெரியவே தெரியாது. மகனுக்குப் போகிற வாய்ப்புப் பாதிக்குப் பாதி, காசு சுண்டுகிற மாதிரி. ஆனால் தகப்பனிடமிருந்து மகளுக்கு வரும்போது காசு சுண்டல் இல்லை: அவரிடம் இருக்கிற ஒரே எக்ஸ் மகளுக்குக் கட்டாயம் போகும். பிறகு அவவே யோசித்துச் சொன்னா: அம்மப்பா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டால், பழுத்ததை மட்டும் பொறுக்கத் தெரியாமல் பிள்ளைகளைக் கூப்பிடுவாராம். "கண் மங்கல்" என்று எல்லோரும் நினைத்தார்களாம். கடலை அப்பப்பா கொடுத்தார், கண்ணை அம்மப்பா கொடுத்திருக்கிறார். யார் மேலும் குற்றம் இல்லை.

அந்த இரண்டு மரபணுக்களும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை. மூன்று நான்கு கோடி வருடங்களுக்கு முன்னர், பழைய உலகக் குரங்குகளுக்கும் எங்களுக்கும் பொதுவான மூதாதையில், ஒன்று இரண்டாகப் பிரதியானது. பழுத்த பழத்தையும் இளந்தளிரையும் பச்சை இலைகளுக்குள் பிரித்துப் பார்க்க அது உதவியிருக்கும். பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் இரண்டே வகைக் கூம்புதான். பிரெட்ரிக் கோட்டைக்குள் புல் மேய்கிற மான்களைப் பார்த்திருப்பீர்கள்தானே? எங்கட நண்பன் பார்ப்பதைப் போன்ற ஒரு உலகத்தைத்தான் அவையும் பார்க்கின்றன. கோவில் பக்கம் பழம் பறிக்கிற குரங்குக்கு எங்களைப் போல மூன்று. இதைச் சொன்னபோது அவன் முதன்முறையாகச் சிரித்தான். "அப்ப நான் மான், நீங்கள் குரங்கு" என்றான்.

விளக்கை மாற்ற ஏலாதா?

இந்த வரலாற்றில் நாங்கள் கண்டது இதுதான். நிறம் ஒளிக்கும் கண்ணுக்கும் இடையில் நடக்கிற ஒரு ஒப்பந்தம். பெரும்பான்மைக் கண்ணை வைத்து விதி எழுதப்பட்டது. எழுதியபோதே மிச்சக் கண்கள் இருப்பது தெரியும். அதற்குப் பிறகு இரண்டு வழி இருந்தது: ஆட்களை வடிகட்டுவது, அல்லது நிறத்தோடு இன்னொரு துணையைச் சேர்ப்பது.

இரண்டாவது வழியிலும் உலகம் கொஞ்சம் நடந்திருக்கிறது. இலங்கை பின்பற்றும் மிதவைக் குறி முறையில், துறைமுகத்துக்குள் வரும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. நிறம் மட்டும் இல்லை, சிவப்பு உருளை வடிவம், பச்சை கூம்பு வடிவம். பகலில் நிறமே தெரியாத ஒருவரும் அதை வாசிக்கலாம். வீதிச் சமிக்ஞை விளக்கில் பச்சைக்குள் கொஞ்சம் நீலம் கலந்திருப்பதும், எந்த நிறம் மேலே எது கீழே என்று ஒழுங்கு இருப்பதும் அதே உதவிதான். மின்கம்பியில் முன்பு சிவப்பும் கறுப்பும் பச்சையும் இருந்தன. மின்சாரம் வருகிற கம்பி சிவப்பு, நிலத்துக்குப் போகிற கம்பி பச்சை. குழம்பினால் உயிர் போகும். இன்று மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் கோடு. கோடு எல்லோருக்கும் தெரியும்.

இரவுக் கடலில் இன்னும் அந்தத் துணை வரவில்லை. அது வரும்வரை கப்பல் விதியைத் தளர்த்து என்று நாங்கள் கேட்க மாட்டோம். ஆனால் ஒன்று கேட்கலாம். ஒரு பிள்ளைக்கு இப்படி இருக்கிறது என்பதை 22 வயதில், காசு கட்டிப் படித்து முடித்த பிறகு, மருத்துவ மேசையில்தான் அறிய வேண்டுமா? புள்ளிப் புத்தகத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பள்ளிக்கூடத்திலேயே பார்த்தால் வரைபடத்தில் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு "கவனமில்லை" என்று அடி விழாது. கனவை வேறு பக்கம் திருப்ப நேரமும் கிடைக்கும். இதை வாசிக்கிற நீங்கள் ஆசிரியராக இருந்தால், தம்பி தங்கச்சிமாருக்கு ட்யூஷன் கொடுப்பவராக இருந்தால், இந்த ஒரு விடயத்தை நினைவில் வைத்திருங்கள்.

அவன் இப்போது படகு இயந்திரம் திருத்துகிற பட்டறை ஒன்றில் நிற்கிறான். கம்பிகளுக்குத் தானே இலக்கம் எழுதி ஒட்டி வைத்திருக்கிறான். போன கிழமை திரும்பவும் அதே இடத்தில் குந்தியிருந்தோம். மைமல் கவிந்து, கொட்டியாரக் குடாவின் மறுகரை கரைந்து போய்க்கொண்டிருந்தது. எங்களில் ஒருத்தியின் சிவப்புத் துப்பட்டா கறுப்பாகிவிட்டது. "இப்ப உங்களுக்கும் தெரியேல்லத்தானே?" என்று கேட்டான்.

தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.